பதினான்காவது இடம்

லாசல்ஸ் பின்னாக்குக்குப் பிழைப்பு நாற்காலிக்கு மெத்தை தைப்பது. கிங்ஸ்டனில் கிராஸ் ரோட்ஸ் சந்தைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை வைத்திருக்கிறார். டாக்ஸி சீட், முடிவெட்டும் கடை நாற்காலி, சவ ஊர்வல வண்டியின் முன் சீட், எது வந்தாலும் தைத்துக் கொடுப்பார். பாட்டு வாரத்தில் இரண்டு நாள்தான். அந்த இரண்டு நாளும் வால்த்தம் பார்க் ரோட்டில் க்ளென்ராய் டேக்கஸ் நடத்துகிற ஸ்டுடியோவுக்கு வருவார். நான் அந்த ஸ்டுடியோ முற்றத்தில் சமைக்கிறவள். மிஸ் ஐவி என்று கூப்பிடுவார்கள். லாசல்ஸும் அவர் மனைவி மெர்லீனும் நானும் ஒரே சபையில் ஞானஸ்நானம் எடுத்தவர்கள். அதனால் அவரைப் பற்றிச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. கூடுதல் குறைவு இருந்தால் கர்த்தர் பொறுத்துக்கொள்ளட்டும்.

அவர் இந்தப் பாட்டு வேலைக்கு வந்ததே ஒரு முக்காலியால்தான். இருபத்து மூன்று வயதில், டிரம் அடிக்கிறவர் உட்காரும் முக்காலிக்குப் புதுத் தோல் போட்டுத் தலையில் சுமந்துகொண்டு ஒரு ஸ்டுடியோவுக்குப் போனாராம். உள்ளே யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். வாசலில் முக்காலியோடு நின்றபடியே இவர் அந்தப் பாட்டுக்கு ஒட்டினாற்போல் மேல் குரலில் முனகியிருக்கிறார். கூலி கொடுக்க வந்த மனுஷர் கூலியைக் கொடுக்காமல் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய் மைக் முன்னால் நிறுத்திவிட்டார். அன்றைக்குத் தொடங்கி முப்பத்தொரு வருஷம்.

அவர் பாடியது துணைக்குரல். பாடகன் தன் சரணத்தைப் பாடி முடித்துப் பல்லவிக்கு வரும்போது, அவன் குரலுக்குக் கொஞ்சம் மேலேயும் கொஞ்சம் கீழேயுமாக இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்து எழும்புமே, அதுதான். மூன்று குரலையும் லாசல்ஸ் ஒருவரே பாடுவார். ஒன்றைப் பாடிப் பதிந்துவிட்டு அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் மூன்றாவது. துணைக்குரல் தனியாகக் காதில் விழக்கூடாது. விழுந்தால் அது கெட்ட துணைக்குரல். பாடகனின் குரலே திடீரென்று அகலமாகிவிட்டது போல இருக்க வேண்டும். எந்தப் பாடகன் எந்த இடத்தில் சொல்லை இழுப்பான், எந்த இடத்தில் மென்று விழுங்குவான் என்று பார்த்து, லாசல்ஸ் அதற்குள்ளே புகுந்துகொள்வார். சபையிலும் அப்படியே. பின் வரிசையில் நின்று மற்றவர்கள் குரலைத் தாங்கிக் கொடுப்பார். ஒரு ஈஸ்டருக்குத் தனிப்பாட்டுப் பாடச் சொல்லிப் பாஸ்டர் கேட்டார். தொண்டை சரியில்லை என்று அன்று சும்மா ஒரு பொய் சொன்னார். அதற்காகப் பிறகு வருத்தப்பட்டார்.

போன கிறிஸ்மஸ் கழிந்து தொண்டை நிஜமாகவே சரியில்லாமல் போயிற்று. கரகரப்பு. இஞ்சியும் எலுமிச்சையும் தேனும் குடித்தார். நான் பாகல் இலைக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். ஒன்றுக்கும் அசையவில்லை. மார்ச்சில் பெரியாஸ்பத்திரியில் குழாயை விட்டுப் பார்த்தார்கள்.

அந்தச் சமயத்தில் க்ளென்ராய் ஒரு புதுத் தாளக்கட்டு செய்து வைத்திருந்தார். டிரம், பேஸ் கிதார், ஆர்கன் எல்லாம் சேர்ந்து மூன்றரை நிமிஷம் ஓடுகிற வெறும் ஓட்டம், அதைத்தான் தாளக்கட்டு என்கிறோம். அதன் மேல் பத்துப் பதினைந்து பாடகர்கள் ஆளுக்கொரு பாட்டு எழுதிப் பாடுவார்கள். ஒருவர் கர்த்தரைத் துதிப்பார், ஒருவர் ஓடிப்போன பெண்ணை நினைத்து அழுவார், ஒருவர் அரசாங்கத்தைத் திட்டுவார். அடியில் ஓடுவது ஒன்றேதான். எல்லாப் பாட்டையும் சேர்த்து ஓர் ஆல்பமாக விடுவார்கள். பெயர் வைப்பது தாளக்கட்டுக்குத்தான், பாட்டுக்கு இல்லை. தண்ணீர் வராத ஒரு வாரத்தில், எங்கள் முற்றத்துக் கறுப்புத் தொட்டி காலியா இல்லையா என்று தட்டித் தட்டிப் பார்த்த பேஸ்காரன் அந்தத் தட்டலிலிருந்தே ஓட்டத்தைப் பிடித்துவிட்டான். அதனால் இதற்குக் கறுப்புத்தொட்டி என்று பெயர்.

கறுப்புத்தொட்டியில் பதின்மூன்று பாடகர்கள். அதில் பதினொரு பாட்டுக்கு லாசல்ஸ் துணைக்குரல் பாடினார். பிப்ரவரி தொடங்கி மே வரைக்கும், குரல் நன்றாக இருக்கிற காலைப் பொழுதாகப் பார்த்து வந்து பாடிவிட்டுப் போவார். யாருக்கும் தெரியவில்லை. கரகரப்பைக்கூட அவர் மற்றவர் குரலுக்குள் ஒளித்து வைத்துவிட்டார்.

ஸ்டுடியோவில் முதலில் என்னிடம்தான் சொன்னார். நான் பின்கட்டில் கானாங்கெளுத்தியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு மீனை எடுத்துச் செதில் சுரண்ட ஆரம்பித்தார். இரண்டு மீன் ஆன பிறகு சொன்னார்:

"குரல்வளையவே எடுத்துடணுமாம், மிஸ் ஐவி. ஜூன் மாசம், ரெண்டாவது செவ்வாக்கிழம."

மெர்லீனிடம் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"சொன்னேன். போய்த் துணி மடிச்சா. மடிச்சு வெச்சதையே பிரிச்சுத் திரும்பவும் மடிச்சா."

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஜெபம் செய்யலாமா என்றேன். செய்தோம். ஆமென் சொன்ன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"முப்பத்தொரு வருஷம் பாடியிருக்கேன். இந்தா, இதான் என் குரல், வெச்சுக்கோன்னு அவ கைல கொடுக்கலாம்னு பாத்தா, தனியா ஒரு எடத்துலயும் இல்ல. எல்லாம் மத்தவங்களுக்குள்ள கெடக்கு. ஒண்ணே ஒண்ணு வேணும். ஒரு பாட்டு."

அந்தப் பாட்டு அவரிடம் இருந்தது. பத்தொன்பது வருஷம் முன்னால், வெள்ளம் வந்து பாலம் போய் ஸ்பானிஷ் டவுனிலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்த அன்றைக்கு மனசுக்குள் கட்டியது. 'விளக்கை அணைத்துவிடாதே மெர்லீன், ரோட்டு முனைக்கு வந்துவிட்டேன்' என்று பல்லவி. பாடகர் யாருக்கும் கொடுக்கவில்லை. மெர்லீனுக்கே தெரியாது.

இனிமேல் புதுத் தாளக்கட்டு செய்ய நேரம் இல்லை. கறுப்புத்தொட்டிதான் இருக்கிறது, அதிலும் பதின்மூன்று இடமும் நிரம்பிவிட்டது. பதினான்காவது இடம் யாருக்கும் கொடுக்கிற இடம் இல்லை. எங்கள் வழக்கம் அது. ஆல்பத்தின் கடைசியில் குரல் ஒன்றும் இல்லாமல் தாளக்கட்டு மட்டும் ஓடும். தெருவில் ஆட்டத்துக்குப் பாட்டுப் போடுகிற நடன மேடைக்காரர்கள் அதைப் போட்டுவிட்டு அதன் மேல் பேசுவார்கள், பாட வருகிறவர்கள் அதன் மேல் பாடிப் பார்ப்பார்கள். அந்த வெற்று இடத்துக்காகவே வாங்குகிறவர்கள் உண்டு. லாசல்ஸ் போய் அந்த இடத்தைக் கேட்டார்.

க்ளென்ராய் முதலில் சிரித்துவிட்டார். உருவத்தில் பெரியவர், சிரித்தால் நாற்காலி ஆடும்.

"கடேசி எடத்துல குரல் வெச்சா மேடைக்காரனுங்க என் வீட்டு வாசல்ல வந்து நிப்பானுங்கய்யா. முப்பது வருஷமா இல்லாத ஆசை இப்ப எங்கேருந்து வந்துது உனக்கு?"

லாசல்ஸ் குரல்வளையை எடுக்கப்போகிற தேதியைச் சொன்னார். க்ளென்ராய் எழுந்து போய்த் தொட்டியின் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்துகொண்டார். பிறகு, பதினொரு பாட்டையும் இந்தத் தொண்டையை வைத்துக்கொண்டா பாடினாய் என்று கேட்டார். பிறகு, சனிக்கிழமை பத்து மணிக்கு வா என்றார்.

சனிக்கிழமை என்றால் எங்களுக்கு சூப். மாட்டெலும்பு, சேனை, சோள உருண்டை எல்லாம் போட்டு அடுப்பில் கொதிக்க விட்டுவிட்டு நான் ஸ்டுடியோ வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். பதிவு செய்கிறவள் ஷனீக் என்கிற பெண். இருபத்தெட்டு வயது, வாய்த்துடுக்கு அதிகம், வேலைச் சுத்தம் அதைவிட அதிகம். லாசல்ஸ் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். சபைக்குப் போடுகிற சட்டை.

மைக் முன்னால் நின்றார். தாளக்கட்டு ஓடியது. நாலு எண்ணிக்கை ஆயிற்று, எட்டு ஆயிற்று. அவர் வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் மெதுவாக ஆட்டிக்கொண்டு நின்றார். சரணத்துக்கான இடம் முழுசாக ஓடிப் போயிற்று. பல்லவி இடம் வந்ததும் சரியாக எழும்பினார். எழும்பியது மேல் குரல். துணைக்குரல். யாரோ ஒருவர் பக்கத்தில் நின்று பாட்டைப் பாடிக்கொண்டிருப்பது போலவும், இவர் அதற்கு மேல் நிற்பது போலவும்.

ஷனீக் ஓட்டத்தை நிறுத்தினாள். "அங்கிள், சரணம் எங்க?"

"ஏன், பாடலியா நான்?"

நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். மறுபடி ஓட விட்டாள். இந்தத் தடவை சரணத்தைத் தொடங்கிவிட்டார். இரண்டாவது வரியிலேயே குரல் ஏணியில் ஏறுவது போல மேலே போய்த் துணைக்குரல் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. மூன்றாவது தடவையும் அப்படியே. நான்காவது தடவை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பாடினார், பல்லவி வரைக்கும் தாங்கியது, பல்லவியில் போய்விட்டது. அதே தாளக்கட்டின் மேல் பதினொரு பாட்டுக்கு, ஒவ்வொரு பாட்டுக்கும் மும்மூன்று தடவை, மற்றவர்களுக்காகப் பாடியவர். அந்த ஓட்டம் காதில் விழுந்த உடனே வாய் தன் பழைய இடத்துக்குப் போய்விடுகிறது. பாட்டு மறக்கவில்லை. சொல்லிக் காட்டினார், ஒரு சொல் தப்பவில்லை.

"அங்கிள், பதினோரு பேர் பாட்டுலயும் நீங்க இருக்கீங்க. ஒங்க பாட்டுல மட்டும் ஒங்கள தேட வேண்டியிருக்கு," என்றாள் ஷனீக்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவளும் சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். லாசல்ஸ் இருமினார். கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்து, பார்க்காமலே மடித்துப் பைக்குள் வைத்தார். செவ்வாய்க்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. மூன்று நாள் கழித்து முயற்சி செய்யலாம் என்று யாரும் சொல்ல முடியாது. குரல் ஒவ்வொரு தடவைக்கும் தேய்ந்துகொண்டிருந்தது எல்லோருக்கும் கேட்டது.

ஷனீக் எழுந்து உள்ளே போய் அவர் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினாள். தாளக்கட்டே வேண்டாம், சும்மா பாடுங்கள், அப்புறம் கம்ப்யூட்டரில் நான் அதை இழுத்துத் தாளத்தின் மேல் உட்கார வைத்துவிடுகிறேன் என்றாள். லாசல்ஸுக்கு அது பிடிக்கவில்லை. தாளம் இல்லாமல் பாடுவது தாய் வீட்டுக்குச் சொல்லாமல் போவது போல இருக்கிறது என்றார். ஆனாலும் வேறு வழி இல்லை. க்ளென்ராய் எல்லா மின்விசிறியையும் நிறுத்தச் சொன்னார். நான் ஓடிப்போய் சூப் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தேன், கொதிக்கிற சத்தம்கூட வரக்கூடாது என்று.

பாடினார்.

இருபது வருஷமாக அவரோடு ஒரே வரிசையில் நின்று பாடியிருக்கிறேன். ஆனால் லாசல்ஸ் பின்னாக்கின் குரல் இதுதான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பெரிய குரல் இல்லை. கொஞ்சம் மணல் கலந்த குரல். வரிக்கு வரி நின்று மூச்சை இழுத்து, அடுத்த வரியைத் தூக்கினார். பல்லவியில் மெர்லீன் என்ற பெயரை அவர் சாதாரணமாகச் சொன்னார், வீட்டில் கூப்பிடுவது போல. முடிந்ததும் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொரு தடவை பாட முடியாது என்று கையால் காட்டினார். பிறகு சூப் குடித்தோம். அவருக்குச் சாறு மட்டும்தான் இறங்கியது.

செவ்வாய்க்கிழமை குரல்வளையை எடுத்தார்கள். சபை முழுக்க உபவாசம் இருந்தது. மூன்றாவது வாரம் வீட்டுக்கு வந்தார். கழுத்தில் ஒரு துளை. இனிமேல் மூச்சு அதன் வழியாகத்தான், வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ இல்லை. அதை மூடிக்கொள்ள மெர்லீன் வெள்ளை நூலில் சின்னதாக ஒரு கழுத்துத் துணி பின்னிக் கொடுத்தாள். பேச்சு எல்லாம் ஒரு பள்ளிக்கூட நோட்டில்.

சுதந்திர தின வாரத்துக்குள் ஆல்பம் வெளியே வர வேண்டும் என்று க்ளென்ராய் அவசரத்தில் இருந்தார். ஜூலை கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபை முடிந்து நான் சோறும் பயறும் கோழியும் எடுத்துக்கொண்டு போர்ட்மோரில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். க்ளென்ராயும் ஷனீக்கும் கம்ப்யூட்டரோடு வந்தார்கள். பாட்டு முடிந்துவிட்டது, கேளுங்கள் என்றார்கள்.

ஷனீக் போட்டாள். நான் பொய் சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தது. லாசல்ஸ் பாடியது அப்படியே தாளக்கட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. மற்றப் பதின்மூன்று பேரோடு பதினான்காவது ஆளாக. எங்கேயும் முந்தவில்லை, பிந்தவில்லை. மெர்லீன் பாட்டை அன்றுதான் முதல் தடவை கேட்கிறாள். தன் பெயர் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். முடிந்ததும் அழகாக இருக்கிறது என்றாள். ரேடியோக்காரர்களுக்கு ஏற்கெனவே போட்டுக் காட்டிவிட்டேன், தினமும் போடுகிறோம் என்றார்கள் என்று க்ளென்ராய் சொன்னார். அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

லாசல்ஸ் இன்னொரு தடவை போடும்படி விரலைச் சுழற்றினார். போட்டாள். மூன்றாவது தடவையும் கேட்டார். பிறகு நோட்டில் எழுதி ஷனீக்கிடம் நீட்டினார். மூச்சு எங்கே என்று எழுதியிருந்தது.

"மூச்சா? அது சத்தம்தான அங்கிள், அத வெட்டிட்டேன். எல்லாருக்கும் வெட்டுவேனே."

அவர் எழுதினார்: பழையதைப் போடு.

ஷனீக் தேடி எடுத்துப் போட்டாள். ஸ்டுடியோவில் அன்று பாடியது, தாளம் ஒட்டாமல், அப்படியே. சொல் தொடங்குவதற்கு முன்னால் ஒரு மனுஷன் வாய் வழியாக மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். பிறகு வரி. மறுபடி மூச்சு. லாசல்ஸ் கழுத்துத் துணியின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். நான் மெர்லீனைப் பார்த்தேன். கையில் தட்டுகளோடு சமையலறை வாசலில் நின்றவள், தட்டுகளைத் தரையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த மூச்சு எனக்குத் தெரியும்," என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. "இருபத்தேழு வருஷம் என் பக்கத்துல படுத்திருந்த மூச்சு இது. இப்ப வேற சத்தம் வருது அவருக்கு."

க்ளென்ராய் தொண்டையைச் செருமினார். மூச்சை மட்டும் திருப்பி வைக்க முடியாதா என்று ஷனீக்கைக் கேட்டார். அவள் அங்கேயே உட்கார்ந்து முயன்று பார்த்தாள். முடியவில்லை. லாசல்ஸ் மூச்சு இழுத்த நேரம் நீளம், தாளக்கட்டில் வரிக்கும் வரிக்கும் நடுவே இருக்கிற இடம் குறைச்சல். மூச்சை வைத்தால் பாட்டு தாளத்தை விட்டு வழுக்கிவிடுகிறது. பாட்டைத் தாளத்தில் நிறுத்தினால் மூச்சுக்கு இடம் இல்லை.

"ரெண்டுல ஒண்ணுதான் அங்கிள்," என்றாள். அவள் குரலில் துடுக்கு ஒன்றும் இல்லை.

லாசல்ஸ் எழுதினார்: இப்படியே விடு.

க்ளென்ராய் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபமாகப் பேசவில்லை. தாளக்கட்டு ஆல்பத்தில் தாளக்கட்டே இல்லாத பாட்டு என்றால், பாட்டு பழுதாகிவிட்டது என்றுதான் ஜனங்கள் நினைப்பார்கள் என்றார். ரேடியோ போடாது, மேடையில் போட முடியாது. இன்னொரு தடவை பாடித் திருத்தவும் வழி இல்லை, அது உனக்கே தெரியும். உன் பெயரை ஊர் முழுக்கக் கேட்க வைக்கிறேன் என்று நான் நினைத்தேனே என்றார்.

"யாரும் கேக்க மாட்டாங்க லாசல்ஸ். புரியுதா ஒனக்கு?"

அவர் தலையசைத்தார். பிறகு நோட்டை எடுத்து நிதானமாக எழுதினார். பதின்மூன்று இடத்தில் தாளம் இருக்கிறது, போதும் என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, மெர்லீன் கேட்டால் சரி என்று எழுதி, அதை அடித்துவிட்டார். அடித்தாலும் படிக்க முடிந்தது.

மெர்லீன் இன்னொரு தடவை போடச் சொன்னாள். அந்தத் தடவை நான் ஒன்றைக் கவனித்தேன். தாளம் இல்லாத அந்தப் பாட்டுக்கு க்ளென்ராயின் பாதம் தரையில் கறுப்புத்தொட்டி ஓட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. அவருக்கே தெரியவில்லை. பதின்மூன்று பாட்டைக் கேட்ட கால் அது, தானாகவே தட்டுகிறது. லாசல்ஸின் வரி சில இடத்தில் அந்தத் தட்டலுக்கு முந்தியது, சில இடத்தில் பிந்தியது. க்ளென்ராயின் கால் அவருக்காக நின்று நின்று போயிற்று.

சாப்பாட்டுக்கு முன்னால் என்னை ஜெபம் பண்ணச் சொன்னார்கள். இத்தனை நாள் கொடுத்த குரலுக்கு நன்றி என்று சொன்னேன்.

அடுத்த நாள் க்ளென்ராய் அதை அப்படியே கடைசி இடத்தில் வைத்து ஆல்பத்தை வெளியே அனுப்பினார். வெறும் தாளக்கட்டைத் தனியாக மேடைக்காரர்களுக்குக் கொடுத்தும் அவர்கள் கூப்பிட்டுத் திட்டினார்கள். பாட்டு ரேடியோவில் ஒரே ஒரு தடவை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வந்ததாகச் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. சபையில் இருந்தேன்.

லாசல்ஸ் இப்போது வாரத்தில் ஆறு நாளும் கொட்டகைக்குப் போகிறார். ஸ்டுடியோ நாற்காலி எல்லாவற்றுக்கும் இந்த மாதம் புது மெத்தை தைத்துக் கொடுத்தார். அவர் வேலைக்குப் போன பிறகுதான் மெர்லீன் அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்கிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அவர் வீட்டில் இருக்கும்போது போடுவதே இல்லையாம். ஏன் என்று நான் கேட்டதில்லை.